எல்லையோரத் தோட்டங்களைப் பார்க்க குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

எல்லையோர மலைகளில் ரப்பரும் வாழையும் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) நிலத்தை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தை. உலக வள நிறுவனம் 2014 பிப்ரவரியில் தொடங்கிய சேவை இது. முற்றிலும் இலவசம். சும்மா பார்க்க மட்டும் என்றால் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். எந்த இடத்தில், எந்த ஆண்டில் மரம் விழுந்தது என்ற கேள்விக்கு இவ்வளவு எளிதாகப் பதில் தரும் சேவை அரிது. ஆனால் விழுந்த இடத்தில் பிறகு என்ன வந்தது என்று கேட்டால் அதன் பதில் அரைகுறை. தோட்டப்பயிர் பரவும் எல்லையோரத்தில் இந்த இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. அதனால் இந்த மதிப்புரையில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

தளம் எதை அளக்கிறது என்பதில் முதலில் குழப்பம் இருக்கக் கூடாது. அதன் அடிப்படைத் தரவை மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஆண்டுதோறும் தயாரிக்கிறது. 5 மீட்டருக்கு மேல் வளர்ந்தது எதுவானாலும் அதன் கணக்கில் மரம்தான். 2000ஆம் ஆண்டின் மரப்போர்வை, அதாவது மரங்கள் மூடிய பரப்பு, அடிநிலை. 2001 முதல் அதில் எது போயிற்று என்பது 30 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பிக்சல்களில் இளஞ்சிவப்பாகத் தெரியும். தளத்தில் இந்த லேயரின் (வரைபட அடுக்கின்) பெயர் ‘ட்ரீ கவர் லாஸ்’, அதாவது மரப்போர்வை இழப்பு. இதைக் ‘காடழிப்பு’ என்று மொழிபெயர்த்துச் செய்தி போடுகிறவர்கள் நிறைய. அது தவறு. இயற்கைக் காடு, இருபது வயது ரப்பர், செம்பனை, தேக்கு எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். வயதான ரப்பரை வெட்டி மறுநடவு செய்தாலும் அது இழப்பு; கன்னிக் காட்டை வெட்டினாலும் அது இழப்பு.

சீன–லாவோஸ் எல்லையை எடுத்துக்கொண்டால் இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் பளிச்சென்று தெரியும். யுன்னான் மாநிலத்தின் சிஷுவாங்பன்னாவில் ரப்பர் 1950களிலேயே அரசுப் பண்ணைகளாக வந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம், லாவோஸின் லுவாங் நம்தா மாகாணத்தில், அது பெரிதாகப் பரவியது 2000க்குப் பிறகு. முன்னோடியான ஹாட் ஞாவ் கிராமத்தார் கன்று நட்டது 1994இல். பால் வெட்டத் தொடங்கியது 2002இல். அவர்கள் கையில் காசு புழங்குவதைப் பார்த்துப் பக்கத்துக் கிராமங்கள் இறங்கின. 2000களின் நடுவில், அபினிக்கு மாற்றுப்பயிர் என்ற திட்டத்தில், எல்லை தாண்டி நடும் சீன நிறுவனங்களுக்குச் சீன அரசு மானியம் தந்தது; விளைந்ததைத் தீர்வை இல்லாமல் கொண்டுவர ஒதுக்கீடும் தந்தது. ரப்பர் விலை 2011 தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டது.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். எல்லையின் இரு பக்கமும் இளஞ்சிவப்பு. சீனப் பக்கத்து இழப்பில் ஒரு பங்கு, பால் வற்றிய பழைய ரப்பரை 25 – 30 வயதில் வெட்டி மறுபடி நட்டது. அங்கே நிலப் பயன்பாடு மாறவே இல்லை. லாவோஸ் பக்கத்து இழப்பில் பெரும்பங்கு சுழற்சிச் சாகுபடி (வெட்டி எரித்து விதைத்து, பிறகு தரிசாக விடும் முறை) நிலம் நிரந்தரத் தோட்டமாக மாறியது, அல்லது அந்தச் சுழற்சியிலேயே வழக்கம்போல வெட்டி எரித்தது. ஒரே நிறத்துக்குள் இப்படி மூன்று வேறு நிகழ்வுகள். இரண்டு மாகாணங்களின் இழப்பு எக்டேரை அருகருகே வைத்து ஒப்பிடும் அட்டவணை எதையும் இதனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சுழற்சிச் சாகுபடியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சேவை மிக மோசமாகச் சறுக்குவது இங்கேதான். மலைக் குடும்பங்கள் ஜனவரி, பிப்ரவரியில் புதர்க்காட்டை வெட்டி, காயவிட்டு, மார்ச், ஏப்ரலில் எரித்து, மழையோடு மலைநெல் விதைக்கும். அறுத்த பிறகு நிலத்தைச் சில ஆண்டுகள் தரிசாக விடும். தரிசு என்றால் வெறும் நிலம் இல்லை. சில ஆண்டுகளிலேயே அதில் மரங்கள் 5 மீட்டரைத் தாண்டிவிடும், மண்ணுக்குச் சத்தும் திரும்பும். அது அடுத்த விளைச்சலுக்கான முதலீடு.

இந்த நிலத்துக்கு வரைபடத்தில் என்ன ஆகிறது? முதல் சிக்கல், ஒரு பிக்சலுக்கு ஒரே ஓர் இழப்பு ஆண்டுதான் பதிவாகும். ஒரு தரிசு 2004இல் நெல்லுக்காக வெட்டப்பட்டு, மறுபடி வளர்ந்து, 2010இல் ரப்பருக்காக நிரந்தரமாகத் திருத்தப்பட்டால், வரைபடம் 2004 என்றுதான் சொல்லும். நிலம் உண்மையில் தோட்டமாக மாறிய ஆண்டு எங்கேயும் இராது. இரண்டாவது சிக்கல், 2000இல் அந்தத் தரிசு இளம்புதராக இருந்திருந்தால் அது மரப்போர்வையாகவே எண்ணப்பட்டிராது. அதன்மேல் ரப்பர் வந்ததற்கு இழப்புப் பதிவே இல்லாமல் போகலாம். ரப்பர் வளர்ந்து முற்றியதும் அதே இடம் மரப்போர்வை கூடியதாகத் தெரியவும் கூடும்.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. தரிசுகளில் ரப்பர் ஏறியதும் குடும்பத்துக்குச் சுழற்ற நிலம் குறைகிறது. மிஞ்சிய நிலத்தைச் சீக்கிரம் சீக்கிரம் திரும்ப வெட்ட வேண்டிவருகிறது. தரிசுக் காலம் குறைந்தால் களை கூடும், நெல் குறையும். அடுத்து மேல்மலைக் காட்டில் புதிதாக வெட்டுகிறார்கள். வரைபடத்தில் அந்த வெட்டு ‘சுழற்சிச் சாகுபடி’ என்ற காரணத்தின் கீழ் விழும். தள்ளிவிட்டது பள்ளத்தாக்கில் வந்த தோட்டம்; பழி விழுவது மேல்மலை விவசாயி மேல். இழப்புக்கான காரணம் சொல்லும் புதிய லேயர் 1 கிலோமீட்டர் கட்டங்களில் வேலை செய்கிறது. ஒரு கட்டம் 100 எக்டேர். ஒன்றிரண்டு எக்டேர் துண்டுகளாக ரப்பரும் தரிசும் காடும் கலந்துகிடக்கும் மலையில் 100 எக்டேருக்கு ஒரே பதில் எப்படிப் பொருந்தும்? நாடு அளவில் பார்க்க அந்த லேயர் நல்லது. ஒரு கிராமத்தின்மேல் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

துண்டு நிலக் கணக்கையும் பார்த்துவிடலாம். 30 மீட்டர் பிக்சல் என்றால் 900 சதுர மீட்டர். எக்டேருக்குச் சுமார் 11. ரப்பரை 7 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டேருக்கு 476 மரம், பிக்சலுக்கு 43. செம்பனையை 9 மீட்டர் முக்கோணமாக நட்டால் எக்டேருக்கு 143, பிக்சலுக்கு 13தான். ஓர் எக்டேர் சதுரத் தோட்டத்தின் பக்கம் 100 மீட்டர். அதற்குள் முழுசாக அடங்கும் பிக்சல்கள் 4 முதல் 9 வரை. மற்றவை ஓரத்தில் பக்கத்து நிலத்தையும் சேர்த்துப் படிக்கின்றன. நிறுவனத் தோட்டத்துக்கு இந்தத் துல்லியம் தாராளம். சிறு விவசாயியின் தோட்டத்துக்கு ஓரப் பிக்சல்களே விடையைத் தீர்மானித்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு இந்தச் சேவையை ஏன் சிபாரிசு செய்கிறோம் என்றால், சரியாகக் கையாண்டால் இது எல்லையைத் தாண்டிப் பார்க்க விடுகிறது. அரசுப் புள்ளிவிவரம் எல்லாம் எல்லைக்கோட்டில் நின்றுவிடும். இங்கே உங்கள் இடத்தை நீங்களே வரையலாம்.

நாடு, மாகாண டாஷ்போர்டுகளை முதலில் ஒதுக்கிவையுங்கள். ஒரே ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியை, எல்லை எங்கே போகிறது என்று பார்க்காமல், கூகுள் எர்த்தில் பாலிகனாக (மூடிய எல்லைக்கோடாக) வரைந்து கேஎம்எல் என்ற வரைபடக் கோப்பாகச் சேமித்து, தளத்தின் ‘அனாலிசிஸ்’ பகுதியில் ஏற்றுங்கள். முனைகள் ஆயிரக்கணக்கில் உள்ள கோப்பு ஏற மறுக்கும், எளிமையாக்கிக் கொடுங்கள். பிறகு அதையே எல்லைக்கோட்டில் இரண்டாக வெட்டித் தனித்தனியாகவும் ஏற்றிப் பாருங்கள். தளத்தில் வரும் எல்லைக்கோடு ஆற்றின் நடுவிலோ மலைமுகட்டிலோ மிகச் சரியாக உட்கார்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோட்டை ஒட்டிய தோட்டம் அடுத்த நாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். அரைக் கிலோமீட்டர் பட்டையைத் தனியாகப் பிரித்து வைப்பது நல்லது.

அடுத்தது மரச்செறிவு வரம்பு, அதாவது ஒரு பிக்சலில் எத்தனை சதவீதம் மரம் மூடியிருந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பது என்பது. இயல்பாக 30 சதவீதத்தில் இருக்கும். 10 முதல் 75 வரை மாற்றலாம். 30இலும் 75இலும் ஒருமுறை ஓட்டி இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் உங்கள் பகுதியில் தரிசும் இளங்காடும் அதிகம் என்று அர்த்தம். அங்கே இழப்பு எண்ணை இரட்டை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஆண்டுப் போக்கைப் படிக்கும்போதும் கவனம் தேவை. 2011க்குப் பிறகான ஆண்டுகளுக்கு முறை மேம்படுத்தப்பட்டது. 2013இல் லேண்ட்சாட் 8 வந்தது. சிறு வெட்டுகளைப் பின்னாண்டுகளில் அது கூடுதலாகப் பிடிக்கிறது. அதற்கு முன்னால் 2003 மே மாதம் லேண்ட்சாட் 7இன் ஒரு கருவி பழுதாகி, அதன் படங்களில் கோடுகோடாக இடைவெளி விழுந்தது. ரப்பர் பரவிய வேகத்தை 2005ஐயும் 2015ஐயும் நேராக ஒப்பிட்டுச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இழந்த இடத்தில் என்ன நட்டார்கள் என்பதைத் தளத்துக்கு வெளியே போய்த்தான் சரிபார்க்க வேண்டும். கோப்பர்நிகஸ் பிரௌசர் என்ற ஐரோப்பியச் சேவையும் இலவசம். சென்டினல் 2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில், இரண்டு செயற்கைக்கோள்கள் ஓடும்போது 5 நாளுக்கு ஒன்று என்று கிடைக்கும். லாவோஸ் வடக்கில் நவம்பர் முதல் மார்ச் வரை மேகம் குறைவு. ரப்பரைப் பிடிக்கும் வித்தை அதன் இலையுதிர்வில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் அது ஒரேயடியாக இலை கொட்டும். மழைக்கு முன்பே, பெரும்பாலும் மார்ச்சுக்குள், கொழுந்து விட்டுவிடும். பசுமைமாறாக் காடு இந்த மாதங்களில் மாறாது. இலையுதிர் காடோ பின்தங்கி உதிர்த்து, மழை வரும்போதுதான் துளிர்க்கும். எனவே நவம்பர், பிப்ரவரித் தொடக்கம், மார்ச் கடைசி என்று மூன்று படங்களை, இலைப்பச்சை சிவப்பாகத் தெரியும் அகச்சிவப்பு வண்ணக் கலவையில் வையுங்கள். நடுப்படத்தில் மட்டும் வெளிறி மூன்றாவதில் மீண்டும் அடர்சிவப்பாகும் துண்டு ரப்பராக இருக்க வாய்ப்பு அதிகம். சாம்பல் நோய் கொழுந்தைத் தாக்கிய ஆண்டில் மூன்றாவது படம் ஏமாற்றும். அடுத்த ஆண்டையும் பார்த்துவிடுங்கள். நட்டு மூன்று நான்கு ஆண்டுகூட ஆகாத கன்றுக்கு இந்தச் சோதனை செல்லாது. அதற்குக் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் மலையைச் சுற்றி வெட்டிய படிமட்டங்களைத் தேட வேண்டும். கட்டைவிரல் ரேகைபோல் சம உயரக் கோடுகள் ஓடும். நெல்லுக்கு எரித்த நிலத்தில் அந்த வரிகள் இருக்காது.

வாழைக்கு வந்தால் சேவை ஏறக்குறையக் குருடு. லாவோஸின் போக்கியோ, உடோம்சாய், லுவாங் நம்தா மாகாணங்களில் சீன முதலீட்டில் திசு வளர்ப்பு வாழை வந்தது பெரும்பாலும் சமவெளி நெல்வயல்களில், சில ஆண்டுக் குத்தகைக்கு. வயலில் மரம் இல்லை. அதனால் இழப்பும் இல்லை. சோறு போட்ட நிலம் ஏற்றுமதிப் பயிருக்குப் போன இவ்வளவு பெரிய மாற்றம் இளஞ்சிவப்பு லேயரில் ஒரு புள்ளியாகக்கூட விழாது. வரப்புகளை இடித்து, மண்ணை மேட்டுப்பாத்தியாக உயர்த்தி, வாய்க்கால் தோண்டி, குழாய் போட்டுத்தான் வாழை வைக்கிறார்கள். குத்தகை முடிந்தபின் அது தானாக நெல்வயலாகத் திரும்பாது. மறுபடி சமன்செய்து வரப்புப் போட வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பது குத்தகைச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது. களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் நீரில் கலந்ததால் 2016இல் லாவோஸ் அரசு புதிய வாழைத் தோட்டங்களுக்குத் தடை போட்டது. வாழையைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை படத்தையும் பிப்ரவரி படத்தையும் ஒப்பிடுங்கள். நெல்வயல் நடவுக் காலத்தில் நீர் தேங்கிக் கருமையாகவும் பிப்ரவரியில் வெளிறியும் தெரியும். வாழை இரண்டிலும் பச்சை. ஜூலையில் மேகம் மூடினால் சென்டினல் 1 ரேடார் படம் கைகொடுக்கும். எல்லாவகைத் தாவர இழப்பையும் எச்சரிக்கும் ‘டிஸ்ட் அலர்ட்’ லேயர் தளத்தில் சேர்ந்திருப்பது இந்தக் குருட்டை ஓரளவு போக்கும்.

செம்பனையில் நிலைமை பரவாயில்லை. போர்னியோ தீவில் இந்தோனேசிய–மலேசிய எல்லையை ஒட்டி 18 லட்சம் எக்டேர் செம்பனைத் திட்டம் ஒன்று 2005இல் அறிவிக்கப்பட்டது. அந்த மலைச்சரிவுகளில் பெரும்பகுதி செம்பனைக்கு ஏற்றதே அல்ல என்று எதிர்ப்பு எழுந்தது. 2007 பிப்ரவரியில் புரூணை, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் போர்னியோவின் இதயப் பகுதியைக் காக்கும் உடன்படிக்கைக்கு வந்தன. இங்கே தளத்தில் செம்பனை எண்ணெய் ஆலைகளைக் காட்டும் லேயர் அருமையான கருவி. வெட்டிய பழக்குலையை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே சாலையும் ஆலையும் எங்கேயோ, தோட்டம் அங்கே. ஆலைப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு இழப்பைப் பாருங்கள். வட்டம் எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்க நிலத்தையும் விடாதீர்கள். உரிமம் தந்த நிலங்களின் லேயர் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு தரத்தில் இருக்கிறது. கோட்டின் ஒரு பக்கம் உரிமப் பெட்டிகள் நிறைந்தும் மறுபக்கம் காலியாகவும் தெரிந்தால், காலிப் பக்கத்தில் தோட்டம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நட்டு வளர்த்த மரங்களைக் காட்டும் ‘பிளான்டட் ட்ரீஸ்’ லேயருக்கும் இதே நோய். அது பல நாடுகளின் தனித்தனி வரைபடங்களைத் தைத்துச் செய்தது. எல்லைக்கோட்டில் நிறம் கத்தியால் வெட்டினதுபோல் நின்றால் உடனே சென்டினல் படத்தைத் திறந்து இரு பக்கமும் பாருங்கள். மலையில் அதே படிமட்ட வரிகள் கோட்டைத் தாண்டித் தொடர்ந்தால், நின்றது தோட்டம் அல்ல, தரவு.

இந்தியாவுக்குள் இதைப் பயன்படுத்துவோர் திரிபுராவில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். கேரளத்துக்கு அடுத்தபடி ரப்பர் அதிகம் உள்ள மாநிலம் அது. மூன்று பக்கமும் வங்கதேச எல்லை, மொத்தம் 856 கிலோமீட்டர். ஜூம் எனப்படும் சுழற்சிச் சாகுபடி செய்யும் குடும்பங்களை ஓரிடத்தில் குடியமர்த்தும் வழியாக ரப்பர் அங்கே அரசாலேயே வளர்க்கப்பட்டது. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் 1 எக்டேரும் 10 சதவீத மரச்செறிவும் இருந்தால் அதைக் காட்டுப்போர்வையாக எண்ணுகிறது. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லை. ஆகவே ரப்பர் அதிலும் காடு, குளோபல் ஃபாரஸ்ட் வாட்சிலும் மரப்போர்வை. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்ப்பது வீண் வேலை. எண்ணெய்ப்பனை பரவும் மிசோரத்திலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வணிகத்துக்காக இதைத் திறப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு விதியில் 2020 டிசம்பர் 31 தான் கெடுநாள்: அதற்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததை அங்கே விற்க முடியாது என்பது விதி. ரப்பரும் செம்பனையும் பட்டியலில் உண்டு. அந்த நாளுக்குப் பிறகு ஒரு சிறு தோட்டத்தின்மேல் இளஞ்சிவப்புத் தெரிந்தது என்பதற்காகவே வாங்க மறுப்பது அநியாயம். பழைய ரப்பரை வெட்டி மறுநடவு செய்வது அந்த விதியின்படி காடழிப்பு ஆகாது. 2019 படத்தில் அங்கே ரப்பர் இருந்ததா என்று மேலே சொன்ன மூன்று பட முறையில் பார்ப்பது அரைமணி நேர வேலை. அந்த அரைமணியைச் செலவிடாமல் ஒரு குடும்பத்தின் விளைச்சலைத் தள்ளக் கூடாது.

வரைபடத்தில் ஒருபோதும் ஏறாதது ஒப்பந்தம். லாவோஸில் ‘2+3’ என்றால் நிலமும் உழைப்பும் விவசாயியுடையது. முதலீடும் தொழில்நுட்பமும் விற்பனையும் நிறுவனத்துடையவை. ‘1+4’ என்றால் விவசாயி தருவது நிலம் மட்டும்; பிறகு அவர் தன் நிலத்திலேயே கூலிக்குப் போகிறார். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ரப்பர். பால் வெட்டும் பக்குவம் வரவே சுமார் 7 ஆண்டு. அதற்குள் விலை விழுந்தால் யார் தாங்குவது என்பது அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. களத்துக்குப் போகும் குழு கேள்விப்பட்டியலில் இதை முதலில் வைக்க வேண்டும்.

களத்துக்குப் போவோருக்கு ‘ஃபாரஸ்ட் வாட்சர்’ என்ற கைபேசிச் செயலி இருக்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது. தளத்தில் கணக்குத் தொடங்கி, பகுதியைச் சேமித்து, புதிதாக மரம் விழுந்த இடங்களைச் சொல்லும் எச்சரிக்கைகளையும் அடிப்படைப் படத்தையும் புறப்படும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். மலையில் சிக்னலை எதிர்பார்க்க முடியாது. எச்சரிக்கைகள் நம்பகத்தன்மை வாரியாகப் பிரிந்திருக்கும். ஒருமுறை மட்டும் தென்பட்டதை நம்பி மலையேற வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள் முறைகள் உறுதிசெய்ததை முதலில் எடுங்கள். ரேடார் எச்சரிக்கைகள் முதன்மைக் காட்டுக்குள் (கன்னிக் காட்டுக்குள்) மட்டுமே தேடுவதால் தரிசு ரப்பராவதை அவை சொல்லாது. எல்லைப் பகுதியில் புகைப்படமும் ஜிபிஎஸ் குறிப்பும் எடுக்க உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். விவசாயியின் பெயரோடு நிலத்தின் இருப்பிடத்தைச் சேர்த்து எங்கேயும் ஏற்றாதீர்கள். பட்டா இல்லாத தரிசுக்காரருக்கு அந்த ஒரு குறிப்பே வினையாகலாம்.